வீட்டுப் பட்டறைக்கு மில்லிங் மெஷின்: மலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் என் வீட்டுக்கு அடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லேத் (உருப்படியைச் சுழற்றிக் கடைவது), ஒரு மில்லிங் மெஷின் (சுற்றும் கட்டரால் உருப்படியைச் சீவுவது), ஒரு சாணை, ஒரு வேலை மேசை. சாலையிலிருந்து அங்கே வர 58 படி இறங்க வேண்டும். தேயிலை ஃபாக்டரி ஃபிட்டர்கள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், லீவுக்கு ஊருக்கு வந்த இன்ஜினியரிங் மாணவர்கள் என்று பலர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கேட்பது எல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியேதான் இருக்கின்றன.

சமவெளியில் இருப்பவர்கள் தரும் யோசனையில் இரண்டு விஷயம் வராது: படிக்கட்டு, மூடுபனி. நம் ஊரில் எந்த மெஷின் என்பதை முதலில் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான். மேசை அளவு, குதிரைத்திறன் எல்லாம் அப்புறம்.

1. "பார்க்க ட்ரில்லிங் மெஷின் மாதிரிதானே இருக்கு? அதுலயே ஒரு கிராஸ் வைஸ் மாட்டி மில்லிங் பண்ணிக்கலாமே?"

வேண்டாம். கிராஸ் வைஸ், அதாவது உருப்படியைக் கவ்வி இரண்டு திசையில் நகர்த்தும் பிடி, மாட்டினாலும் ட்ரில்லிங் மெஷினில் விசை மேலிருந்து கீழே மட்டும்தான் போகிறது. மில்லிங்கில் கட்டர் பக்கவாட்டில் இரும்பைக் கடிக்கிறது, அதனால் அதைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டில் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. ட்ரில்லிங் மெஷினின் பேரிங்கும் சரி, ட்ரில்லைக் கவ்வும் 'சக்'கைப் பிடித்திருக்கும் கூம்பும் சரி, அதற்காகச் செய்தவை அல்ல. பக்கவாட்டு அதிர்ச்சி தொடர்ந்து விழுந்தால் சக் கூம்பிலிருந்து கழன்றுவிடும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே கழலும் என்பதுதான் பயம்.

மில்லிங் மெஷினில் டிராபார் என்று ஒரு நீண்ட போல்ட் மேலிருந்து இறங்கி, கட்டர் பிடிக்கும் கோலெட்டை இழுத்துப் பிடித்திருக்கும். அந்த போல்ட் இல்லாத மெஷினில் மில்லிங் செய்யவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. "லேத் முதல்ல வாங்கணுமா, மில்லிங் முதல்லயா?"

உங்கள் வேலை உருண்டையா, சதுரமா என்று பாருங்கள். புஷ், தண்டு, புல்லி என்றால் லேத். பிராக்கெட், சாவி வெட்டு (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்), பெட்டி மாதிரியான உருப்படி, பல்சக்கரம் என்றால் மில்லிங். இரண்டும் கலந்து வரும் என்றால் லேத்தை முதலில் வாங்குங்கள். லேத்தில் உருப்படியை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிக்கல் ஸ்லைடு ஒன்றை மாட்டிச் சின்ன மில்லிங் வேலைகளைச் சமாளிக்கலாம். மில்லிங் மெஷினில் தண்டு கடைவது அதைவிடச் சிரமம்.

ஒரே மெஷினில் லேத்தும் மில்லிங்கும் சேர்ந்து வருவதைப் பற்றியும் கேட்கிறார்கள். இடம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஒரு வேலைக்காக மாட்டியதைப் பாதியில் கழற்றித்தான் இன்னொன்றைச் செய்ய முடியும். கழற்றி மாட்டியதும் பழைய அளவு திரும்பக் கிடைக்காது. எனக்கு அது ஒத்துவரவில்லை.

3. "எடை எடைன்னு சொல்றீங்களே, எடை அதிகமா இருந்தா என்ன லாபம்?"

கட்டர் ஒரு பல் ஒரு பல்லாகக் கடிக்கிறது. ஒவ்வொரு கடியும் ஒரு சுத்தியல் அடி மாதிரி. அந்த அடியை வாங்கிக்கொள்ளும் வார்ப்பிரும்பு போதாவிட்டால் மெஷின் நடுங்கும். வெட்டிய பரப்பில் மீன் செதில் போலக் கோடுகள் விழும், கட்டரின் முனை உதிரும். என் நண்பரிடம் இருக்கும் 60 கிலோ மெஷினில் 10 மி.மீ. எண்ட் மில் (நுனியிலும் பக்கத்திலும் வெட்டும் கட்டர்) போட்டு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் சாவி வெட்டு போட்டால் ஒரு நடைக்கு அரை மி.மீ. இறக்குவதே அதிகம். என் 165 கிலோ மெஷினில் அதே கட்டர், அதே தகடு, ஒன்றரை மி.மீ. அலுங்காமல் இறங்குகிறது. மோட்டார் வித்தியாசம் அங்கே பெரிதாக இல்லை. வித்தியாசம் இரும்பில்தான்.

சந்தையில் இருப்பவற்றைத் தோராயமாகப் பிரித்துச் சொல்கிறேன். சீனாவின் சீக் கம்பெனி எக்ஸ்2 என்று கொண்டுவந்த வடிவமும் அதன் பல நகல்களும் சுமார் 60 கிலோ. அடுத்த படி எக்ஸ்3 ரகம், சுமார் 165 கிலோ. ரவுண்டு காலம், சதுரக் காலம் மில்-ட்ரில்கள் 300 கிலோ பக்கம் (காலம் என்பது தலையைத் தாங்கும் தூண்). ஃபாக்டரிகளில் நிற்கும் பிரிட்ஜ்போர்ட் மாதிரியான டரட் மில்லிங் மெஷின் ஏறக்குறைய ஒரு டன்.

4. "எங்க வீடு ரோட்டுல இருந்து நூறு படி கீழ இருக்குண்ணா. எந்த சைஸ் கொண்டுவர முடியும்?"

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் உண்மையான கேள்வி. மெஷினின் மொத்த எடையை மறந்துவிடுங்கள். அதைப் பிரித்தால் வரும் மிகக் கனமான துண்டின் எடை என்ன என்று பாருங்கள். எக்ஸ்3 ரகத்தைத் தலை, காலம், மேசையும் அதைத் தாங்கும் சேடிலும், அடிப்பாகம், மோட்டார் என்று பிரித்துவிடலாம். எதுவும் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து தூக்க முடியாத கனம் இல்லை. நாங்கள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 58 படியும் இறக்கி முடித்தோம். 300 கிலோ மெஷினில் காலமும் அடிப்பாகமும் தனித்தனியாகவே நூறு கிலோவை நெருங்கும். அதற்குத் தேயிலை மூட்டை இறக்கிப் பழகியவர்களும், மூங்கில் கழியும், நல்ல கயிறும் வேண்டும். வளைவு இல்லாத நேர்ப்படியாக இருந்தால் மேலே ஒரு மரத்தில் செயின் பிளாக் கட்டி, படியில் பலகை போட்டு மெதுவாக நழுவ விடலாம். மழை பெய்த மறுநாள் பாசிப் படியில் இந்த வேலையே வேண்டாம்.

பிரிப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. வாங்கியதும் ஒரு முறை பிரித்து, வார்ப்பு மணலைத் துடைத்து, பிசிறை அரம் போட்டு, எண்ணெய் தடவி மாட்டுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். காலத்தைத் திரும்ப நிறுத்தும்போது அது மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று டயல் (நுண்ணிய வித்தியாசத்தை ஊசியில் காட்டும் அளவுமானி) வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிண்டிலில் ஒரு கம்பியைப் பிடித்து அதன் நுனியில் டயலைக் கட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மேசையின் நான்கு பக்கமும் ஊசி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 150 மி.மீ. வட்டத்தில் 0.02 மி.மீ.க்குள் வந்தால் வீட்டுப் பட்டறைக்குப் போதும். வராவிட்டால் காலத்தின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் சரி செய்யலாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஏற்றி வருவதாக இருந்தால் குட்டி யானையே போதும். தலையை நன்றாகக் கீழே இறக்கி, மேசைமேல் ஒரு மரக்கட்டை வைத்து அதில் உட்கார வைத்துவிட்டுக் கட்டுங்கள். இந்த மெஷின்களுக்கு மேல்பக்கம்தான் கனம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் கொண்டை ஊசி வளைவுகளில் நின்ற வாக்கில் சும்மா வைத்தால் சாயும். நம்மூர் டி.என்.43 வண்டியாகப் பார்ப்பது நல்லது, ஓட்டுநருக்கு வளைவு பழக்கமாக இருக்கும். 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகளுக்கு வந்த இ-பாஸ் தொல்லையும் கிடையாது.

5. "ரவுண்டு காலம் மெஷின் சல்லிசா கிடைக்குது. எடையும் 300 கிலோ இருக்கு. அதுவே வாங்கிடட்டுமா?"

எடைக்கு எடை நல்ல விலைதான். குறை எங்கே வரும் என்று ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். ஒரு துளையின் மையத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறீர்கள். முதலில் சின்ன சென்டர் ட்ரில், அடுத்து 12 மி.மீ. ட்ரில். பெரிய ட்ரில் நீளமானது, தலையை மேலே ஏற்ற வேண்டும். ரவுண்டு காலத்தில் தலையைத் தளர்த்தியதுமே அது பக்கவாட்டிலும் சுழலும். கண்டுபிடித்த மையம் போய்விட்டது. புறாவால் வடிவத் தடம் கொண்ட டவ்டெயில் காலத்திலும் சதுரக் காலத்திலும் தலை நேராக ஏறி இறங்கும், மையம் மாறாது.

தலையை நகர்த்தாமலே முடிகிற வேலைகள்தான் உங்களுக்கு அதிகம் என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் எடை குறைந்தாலும் டவ்டெயில் காலமே என் தேர்வு.

6. "கோயமுத்தூர்ல பழைய எச்.எம்.டி. மில்லிங் மெஷின் இருக்காம். புது சீன மெஷினை விட அது மேல்னு எங்க மாமா சொல்றார்."

உங்கள் மாமா சொல்வது இரும்பைப் பொறுத்தவரை உண்மை. 1953-இல் தொடங்கிய எச்.எம்.டி.யும், 1961-இல் பெங்களூரில் வந்த பாரத் ஃபிரிட்ஸ் வெர்னரும் செய்த மில்லிங் மெஷின்கள் இன்றும் பல பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை டன் கணக்கு. சாலை ஓரத்திலேயே தரைத்தளத்தில் கான்கிரீட் தரை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பழைய மெஷின் பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். புதிதாகப் பச்சை அடித்திருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். மேசையின் கை சக்கரத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுற்றுங்கள். நடுவில் லூசாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் இருந்தால் மேசையை நகர்த்தும் லீட் ஸ்குரூவும் மேசை வழுக்கும் வழிப்பரப்பும் நடுவில் தேய்ந்துவிட்டன. ஜிப்பை (வழிப்பரப்பின் லூசை எடுக்கும் பட்டையை) இறுக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். நடுவுக்கு இறுக்கினால் ஓரத்தில் நகராது. அடுத்து, ஸ்பிண்டிலின் கூம்புத் துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இந்த விரல் சோதனையை நான் ஒரு முறை செய்யாமல் விட்டேன். மழை வரப்போகிறது, வண்டி காத்திருக்கிறது என்ற அவசரம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கூம்பின் உள்ளே நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு சுற்றுக் கீறல். எப்போதோ ஒரு கட்டர் உள்ளேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. எந்தக் கோலெட்டைப் போட்டாலும் கட்டரின் நுனி 0.08 மி.மீ. ஆடியது. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. அந்தக் கூம்பைத் திரும்பக் கிரைண்டிங் செய்ய ஆன செலவில் ஒரு நல்ல வைஸ் வந்திருக்கும்.

7. "எம்.டி.3, ஆர்8 ரெண்டுல எது எடுக்கறது?"

இரண்டும் ஸ்பிண்டிலின் கூம்புத் துளையின் வகைகள். எம்.டி.3 என்பது மோர்ஸ் கூம்பு. அது தானாகவே கவ்விக்கொள்ளும், கழற்ற டிராபாரின் தலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஆர்8 பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து வந்த கூம்பு, சரிவு அதிகம், லேசாகத் தட்டினாலே கழன்றுவிடும். தினமும் சின்ன மெஷினின் தலையில் சுத்தியலால் தட்டுவது பேரிங்குக்கு நல்லதல்ல. அதனால் இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் ஆர்8. டிராபார் மரை ஆர்8-க்கு 7/16 அங்குலம், எம்.டி.3-க்குப் பெரும்பாலும் 12 மி.மீ. ஆகவே ஒன்றின் டிராபார் மற்றதுக்கு ஆகாது.

ஏற்கெனவே உங்கள் லேத்தில் எம்.டி.3 இருக்கிறது, அதற்கான சாமான்களும் வைத்திருக்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது எம்.டி.3-யே எடுங்கள். எதுவானாலும் ஒரு ஈ.ஆர்.32 கோலெட் சக் வாங்கிவிட்டால் 2 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ. வரை எல்லாக் கட்டரும் அதில் அடங்கிவிடும். ட்ரில் சக்கில் எண்ட் மில்லைப் பிடிக்காதீர்கள். காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

8. "வீட்ல சிங்கிள் ஃபேஸ்தான். மெஷின்ல திரீ ஃபேஸ் மோட்டார். என்ன பண்றது?"

வி.எஃப்.டி. என்னும் பெட்டி 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் திரீ ஃபேஸாகத் தரும். இந்த 230 என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊர் மோட்டார் 415 வோல்ட்டுக்குச் செய்தது. பெயர்த்தகட்டைப் பாருங்கள். 2 ஹெச்.பி. வரை பெரும்பாலும் ஸ்டாரில் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சுப் போட்டு) கட்டியிருப்பார்கள். டெர்மினல் பெட்டியில் ஆறு முனையும் வெளியே இருந்தால் பட்டைகளை மாற்றி டெல்டாவாக்கினால் (காயில்களை முக்கோணமாகச் சேர்த்தால்) அதே மோட்டார் 240 வோல்ட்டில் முழு பலத்துடன் ஓடும். மூன்று வயர் மட்டும் வெளியே வந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்திருக்கிறது. காயில் கட்டுகிறவரிடம் கொடுத்தால் முடிச்சைப் பிரித்து ஆறு வயராக வெளியே எடுத்துத் தருவார். தகட்டிலேயே 415 வோல்ட் டெல்டா என்று இருந்தால் இந்த வழி ஆகாது, மோட்டாரையே மாற்றிவிடுங்கள்.

மலைக்கு இன்னொன்று. வி.எஃப்.டி.க்குப் போட்டிருக்கும் சக்தி அளவு வழக்கமாகக் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேலே காற்று மெலிவதால் சூடு ஆறாது. 100 மீட்டருக்கு ஒரு சதவீதம் என்று குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஊட்டி 2240 மீட்டர், ஆகவே 12 சதவீதம் போய்விடும். 1 ஹெச்.பி. மோட்டாருக்கு 2 ஹெச்.பி. வி.எஃப்.டி. வாங்கிவிடுங்கள், அந்தக் கவலை தீர்ந்தது. மோட்டாருக்கும் இதே 1000 மீட்டர் விதி உண்டு. ஆனால் 40 டிகிரி வெயிலுக்குச் செய்த மோட்டார் இங்கே 15, 20 டிகிரியில் ஓடுகிறது. குளிர் அதை ஈடுகட்டிவிடும்.

மெஷினில் இருக்கும் பழைய சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் வைத்து ஓட்டத்தில் போட்டு நிறுத்தாதீர்கள். பெட்டி போய்விடும். நிறுத்துவதும் ஓட்டுவதும் வி.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு வயர்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

9. "கரண்ட் போய்ப் போய் வருதே, அதனால ஏதாவது ஆபத்து இருக்கா?"

இருக்கிறது. வேலை நடுவில் கரண்ட் போகிறது, நீங்கள் வைஸில் கை வைத்துச் சுருளைத் துடைக்கிறீர்கள், கரண்ட் திரும்ப வருகிறது. மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பிக்கக் கூடாது. கரண்ட் போனால் தானே விழுந்துவிடும் பச்சை-சிவப்புப் பொத்தான் சுவிட்ச் இருக்கிறதா என்று வாங்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் சொருகிப் பாருங்கள். இடி மழை நாட்களில் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். இந்தச் சின்ன மெஷின்களில் முதலில் போவது அந்த எலக்ட்ரானிக் போர்டுதான்.

10. "மழைக்காலத்துல துருப்பிடிக்காம எப்படிக் காப்பாத்தறது?"

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனிலேயே தென்மேற்கு ஆரம்பித்துவிடும். எந்தப் பக்கம் இருந்தாலும் வருடத்தில் நான்கு மாதம் காற்றே ஈரம். என் முதல் நவம்பரில் ஒரு மாலை வேலை முடித்து, மேசையை வெறும் கையால் தள்ளித் துடைத்துவிட்டு மேலே போனேன். மூன்று நாள் கழித்து இறங்கி வந்து பார்த்தால் பளபளவென்ற மேசையின் மேல் என் உள்ளங்கை, ஐந்து விரலோடு, செம்மண் நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. வியர்வையின் உப்பு எங்கே பட்டதோ அங்கே துரு. எண்ணெய்க் கல்லால் தேய்த்து எடுத்தேன், ஆனாலும் சாய்ந்த வெளிச்சத்தில் அந்தக் கட்டைவிரல் இன்னும் தெரிகிறது.

துரு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று இந்தக் கை. இன்னொன்று இரும்பு வியர்ப்பது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வார்ப்பிரும்பின் மேல், காலையில் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால் பனித்துளி கட்டும். அதனால் இரும்பை அறைக் காற்றைவிட ஒரு பிடி சூடாகவே வைத்திருக்க வேண்டும். நான் மெஷினின் அடிப்பெட்டிக்குள் கம்பிக்கூண்டு போட்ட 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மழை மாதம் முழுக்க எரிய விடுகிறேன். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, நமக்கு வேண்டியது அதன் சூடு. துணியும் எண்ணெயும் பல்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேலே போர்த்துவது பழைய பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சின்ன ஈரமானி ஒன்று மாட்டி வையுங்கள், 60-ஐத் தாண்டினால் துரு வேகம் எடுக்கும்.

வழிப்பரப்புக்கு 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில். மேசைக்கு வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. தண்ணீர் கலந்த கூலன்ட்டை நான் இங்கே பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன். குளிருக்குக் கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ பட்டறைக்குள் வைக்காதீர்கள். கேஸ் எரியும்போது நீராவி வெளியாகும், அது நேராக இரும்பில்தான் போய்ப் படியும். மூடிய அறையில் கரிப்புகை உயிரையே எடுத்துவிடும்.

11. "மெஷின் விலைக்கு மேல இன்னும் எவ்வளவு வைக்கணும்?"

மெஷினுக்கு நூறு ரூபாய் என்றால் சாமான்களுக்கு ஐம்பது ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நல்ல வைஸ், கோலெட் சக், நாலைந்து எண்ட் மில், கிளாம்ப் செட், வைஸில் உருப்படிக்கு அடியில் வைக்கும் பேரலல் கட்டைகள், காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல். இவை இல்லாமல் மெஷின் சும்மா நிற்கும். இதில் வைஸில் மட்டும் காசைப் பிடிக்காதீர்கள். இறுக்கும்போது தாடை மேலே எழும்பும் வைஸில் எத்தனை நல்ல மெஷினும் கோணலாகத்தான் வெட்டும்.

12. "எந்த ஸ்பீடுல ஓட்டணும்? கடைக்காரர் 2500 வரைக்கும் போகும்னு பெருமையா சொல்றார்."

மேல் வேகத்தைவிடக் கீழ் வேகத்தைக் கேளுங்கள். வெட்டு வேகத்தை நிமிடத்துக்கு மீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்கி, கட்டர் விட்டத்தால் வகுத்து, மறுபடி 3.14-ஆல் வகுத்தால் சுற்று எண்ணிக்கை வரும். எம்.எஸ்.ஸில் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டருக்கு 25 மீட்டர். 10 மி.மீ. கட்டர் என்றால் சுமார் 800 சுற்று. அலுமினியத்தில் 90 மீட்டர் வைத்தால் 2800-ஐத் தாண்டும்.

ஆனால் ஒரு தகட்டின் முகத்தை 50 மி.மீ. ஃபிளை கட்டரால், அதாவது ஒற்றைப் பல் கட்டரால், சீவ வேண்டும் என்றால் அதே 25 மீட்டருக்கு 160 சுற்றுதான். அந்த வேகத்தில் மோட்டாருக்கு இழுவை இருக்க வேண்டும். கியரோ பெல்ட்டோ மாற்ற வசதி இல்லாமல் குமிழைத் திருகி மட்டும் வேகம் குறைக்கும் மெஷின் அங்கே நின்றுவிடும். அறுபது கிலோ ரகத்தில் சிலவற்றுக்குத் தலைக்குள் நைலான் கியர். கட்டர் சிக்கினால் முதலில் உடைவது அதுதான், ஒரு செட் கூடவே வாங்கி வையுங்கள்.

13. "கை விறைச்சுப் போகுது, க்ளவுஸ் போட்டுக்கிட்டு ஓட்டலாமா?"

கூடாது. மஃப்ளர், சால்வை, நூல் தொங்கும் ஸ்வெட்டர் கை எதுவுமே கூடாது. வெறும் விரல் கட்டரில் பட்டால் காயம். க்ளவுஸ் பட்டால் கையையே உள்ளே இழுத்துவிடும். நம் ஊரில் டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். உள்ளே இரண்டு பனியன், மேலே கை இறுக்கமான ஒரு சட்டை, தலைக்குக் காதை ஒட்டிய குல்லாய். நான் அப்படித்தான் நிற்கிறேன். மஃப்ளரைத் தொங்கவிடக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன், வருகிற யாராக இருந்தாலும் முதலில் அங்கே மாட்டிவிட்டுத்தான் உள்ளே. கண்ணுக்குக் கண்ணாடி எப்போதும்.

14. "பழைய பங்களா வீடு, பலகைத் தரை. மேல வைக்கலாமா?"

60 கிலோ என்றால் சுவரை ஒட்டி, உத்தரத்தின் மேல் வருகிற மாதிரி வைக்கலாம். அதற்கு மேல் தரைத்தளம்தான்.

15. "நேரா சி.என்.சி. வாங்கிட்டா என்ன?"

சி.என்.சி. என்பது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின். மரமும் பிளாஸ்டிக்கும் செதுக்கும் மேசை ரௌட்டர்களைச் சி.என்.சி. மில்லிங் என்று விற்கிறார்கள். அவை இரும்புக்கு ஆகாது, மூன்றாம் பதிலில் சொன்ன எடை அவற்றில் இல்லை. சாதாரண மெஷினைச் சி.என்.சி. ஆக்கலாம், ஆனால் லீட் ஸ்குரூவைக் கழற்றி, குண்டுகளில் உருளும் லூஸ் இல்லாத பால் ஸ்குரூ போடாவிட்டால் வட்டம் வெட்டச் சொன்னால் நான்கு இடத்தில் தட்டையான வட்டம் வரும். முதலில் ஒரு வருடம் கையால் ஓட்டுங்கள். இரும்பு எப்போது முனகுகிறது என்பது கைச்சக்கரத்தில்தான் தெரியும்.

16. "டி.ஆர்.ஓ. போட்டா 5 மைக்ரான் அக்யூரசி வந்துடுமா?"

டி.ஆர்.ஓ. என்பது மேசை நகர்ந்த தூரத்தை எண்ணில் காட்டும் கருவி. அதன் கண்ணாடி ஸ்கேல் 5 மைக்ரானைக் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஐந்து பங்கை) காட்டும். மெஷின் 5 மைக்ரானில் வெட்டும் என்று அதற்குப் பொருளில்லை. பேக்லாஷை (ஸ்குரூவைத் திருப்பிச் சுற்றும்போது வரும் லூஸை) எண்ணிக்கொண்டே இருக்கும் தொல்லை மட்டும் போகும், அதற்காகவே அது காசுக்குத் தகும். பேக்லாஷ் அங்கேயேதான் இருக்கிறது. கட்டர் சுற்றும் திசையிலேயே மேசையைத் தள்ளி வெட்டினால் அந்த லூஸ் அளவுக்கு மேசை தாவிக் கட்டரை உடைக்கும். அதனால் எதிர்த்திசையில் வெட்டுங்கள்.

காலையில் 8 டிகிரி, மதியம் ஜன்னல் வெயிலில் 22 டிகிரி என்றால் 100 மி.மீ. எஃகுத் துண்டு சுமார் 16 மைக்ரான் நீளும். அலுமினியம் அதைப்போல இரண்டு மடங்கு. காலையில் பாதி வெட்டி, மதியம் அளக்காதீர்கள்.

17. "வி.எஃப்.டி. போட்டதுல இருந்து வீட்டு ஆர்.சி.சி.பி. விழுந்துக்கிட்டே இருக்கு. அதை எடுத்துடலாமா?"

எடுக்கவே எடுக்காதீர்கள், மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டித்து உயிரைக் காக்கும் சுவிட்ச் அது; ஈரத்தரையில் நின்று வேலை செய்கிறோம். வி.எஃப்.டி.க்குள் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசிய விடும், அது அதன் இயல்பு. வீடு முழுக்க ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் மற்ற கசிவுகளோடு சேர்ந்து அதைத் தட்டிவிடும். பட்டறைக்குத் தனி லைன், வி.எஃப்.டி.க்கு ஏற்ற தனி ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் குழி என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மோட்டாருக்குப் போகும் வயரைக் குட்டையாக வைத்தால் கசிவு இன்னும் குறையும்.

18. "ஃபாக்டரி வேலை எடுத்துச் செய்யலாமா? சி.டி.சி. ரோலருக்குப் பல் போட முடியுமா?"

ரோலர் முடியாது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் அந்த எஃகு உருளைகளின் பல் மழுங்கியதும் திரும்பக் கூர்தீட்ட, உருளையை முழுநீளத்துக்குத் தாங்கும் தனி மில்லிங், சேசிங் மெஷின்கள் வேண்டும். வீட்டு மெஷினில் அதன் ஒரு முனைகூட ஏறாது. சாவி, பிராக்கெட், கன்வேயரின் சின்ன ஸ்பேர் ஆகியவற்றைச் செய்யலாம். ஆனால் காசுக்கு வேலை என்று ஆகிவிட்டால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு அதற்கான கட்டண வகைக்கு மாறிவிடுங்கள்.

19. "நம்ம மலை ரயில் எஞ்சின் மாடல் செய்யறேன். பல்சக்கரத்தண்டவாளத்துல ஓடற பினியன் ரெண்டு, அரைப்பல் தள்ளி இருக்கணும். சின்ன மெஷின்ல முடியுமா?"

முடியும். நம் ரயிலில் இருப்பது ஆப்ட் முறை. நடுவில் இரண்டு பல்பட்டைகள் பக்கம் பக்கமாக, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வருகிற மாதிரிப் பதித்திருக்கும். ஒரு பல் விடுபடும்போது இன்னொன்று பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக. அதனால்தான் அதில் ஓடும் சின்னப் பல்சக்கரமான பினியனும் அரைப்பல் தள்ளி இருக்கிறது.

கேட்டவரின் வரைபடத்தில் 28 பல். உருப்படியைச் சம பங்குகளாகத் திருப்பும் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் உருப்படி ஒரு சுற்று. 40-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும், அதன் தகட்டில் 21 துளை வட்டத்தில் 9 துளையும். கட்டர் வாங்கும்போது நம்பரைப் பார்த்து ஏமாறாதீர்கள். டி.பி. (அங்குல) அளவுக் கட்டரில் 8-ஆம் நம்பர் 12, 13 பல்லுக்கு. மாட்யூல் (மி.மீ.) கட்டர் செட்களில் பெரும்பாலும் அதுவே 1-ஆம் நம்பர். நம்பரை விட்டுவிட்டு, கட்டரில் பொறித்திருக்கும் பல் எண்ணிக்கையைப் படித்து, 28 அதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டு வட்டையும் ஒன்றாக மேன்ட்ரலில் (நடுத்துளையில் கோக்கும் தண்டில்) இறுக்கி 28 பல்லையும் ஒரே தடவையில் வெட்டிவிடுங்கள். பிரிக்காமல் டிவைடிங் ஹெட்டை 90 டிகிரி நிமிர்த்தி, முகத்தில் ஓரிடத்தில் இரண்டு வட்டையும் ஊடுருவ 3 மி.மீ. பின் துளை ஒன்று போடுங்கள். மேசையைத் தொடாமல் கைப்பிடியைச் சரியாக 5 சுற்றுச் சுற்றினால் மூன்றரைப் பல் நகரும். அங்கே இரண்டாவது துளை. இப்போது பிரித்து, ஒரு பினியனின் முதல் துளையையும் மற்றதன் இரண்டாம் துளையையும் ஒரே பின்னில் கோத்து அச்சில் ஏற்றுங்கள்.